தலையையும் சேர்த்த எடை

சொல்லச் சொல்ல ஒரு சொல் சதை பிடித்து எழுந்து நிற்கும் என்று புன்னைத்துறைக்காரர்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர்கள் வாயைக் கொஞ்சம் அடக்கியிருப்பார்கள். யாரும் சொல்லவில்லை, ஆகையால் காலையில் மீன் ஏலக்கூடத்திலும் மத்தியானம் பேருந்து நிறுத்தத்திலும் சாயங்காலம் மாதா கோயில் வாசலிலும், டெல்பின் என்ற பெண் கடந்து போகும்போதெல்லாம், "அவளுக்குத் தலைக்கனம்" என்று சொன்னார்கள், அவள் பாவாடை சட்டையில் திரிந்த வயதிலிருந்து கல்லூரிக் கடைசி வருஷம் வரைக்கும் சலிக்காமல் சொன்னார்கள், கடைசியில் ஒரு திங்கட்கிழமை, மின்சாரம் போவதற்கு எவ்வளவு ஆச்சரியம் வேண்டுமோ அவ்வளவு ஆச்சரியத்தோடு, அவள் தலை கனத்துவிட்டது.

அது நடந்தது பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடத்தில். ஐஸ் போட்ட காலம் போய் இப்போது அங்கே காஸ்பர் மாஸ்டர் பெண்பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஏலக்கூடத்தில் கழித்துப் போட்ட மேடைத் தராசு ஒன்று மூலையில் நின்றது. பயிற்சிக்கு வருகிறவள் எவளாக இருந்தாலும் முதலில் அதில் ஏறி நிற்க வேண்டும், ஏனென்றால் இந்த விளையாட்டில் யார் யாரோடு மோதுவது என்பதை எடைதான் முடிவு செய்கிறது. டெல்பின் நாற்பத்தெட்டுக் கிலோ பிரிவுக்காரி, அதற்கும் கொஞ்சம் குறைவாகவே எப்போதும் நிற்பாள். அன்றைக்கு அவள் ஏறியதும் தராசு முள் ஐம்பதைத் தாண்டி ஆடியது.

"என்னட்டி தின்ன?" என்றார் மாஸ்டர்.

"ஒண்ணும் திங்கல மாஸ்டர். யோசிச்சிக்கிட்டு நின்னேன்."

"என்னத்த யோசிச்ச?"

"நாசரேத்துக்காரி இருக்காள்ல, இடதுகைக்காரி. அவ அடிக்கதுக்கு முந்தி தோள எறக்குதா. ஆனா சில நேரம் சும்மாவும் எறக்குதா. சும்மா எறக்கும்போது கால் கட்டவிரல் அசைய மாட்டேங்கு. அப்போ தோளப் பாக்கப்பிடாது, விரலத்தான் பாக்கணும். அவளுக்கு இது தெரியுமா தெரியாதான்னு..."

அவள் பேசப் பேச முள் ஏறிக்கொண்டே போனது. மாஸ்டர் தராசை ஒரு தட்டுத் தட்டினார். அவளைப் பேச்சை நிறுத்தச் சொன்னார்; யோசிப்பதையும் நிறுத்தச் சொன்னார். முள் பழைய இடத்துக்கு இறங்கியது. மறுபடி யோசிக்கச் சொன்னார். ஏறியது. மற்ற பிள்ளைகளை இறக்கி ஏற்றிப் பார்த்தார், பிறகு தானே ஏறி நின்று, மூச்சை அடக்கி, நெற்றியைச் சுருக்கி, தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒன்று விடாமல் யோசித்துப் பார்த்தார். முள் அசையவில்லை. "தராசு சரியில்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

டெல்பினுக்கு ஏன் தலைக்கனக்காரி என்ற பெயர் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் ஏதோ மூக்கை நிமிர்த்திக்கொண்டு நடந்தவள் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். ஜெயித்துவிட்டு இறங்கும் பெண் என்ன சொல்ல வேண்டும் என்று ஊருக்கு ஒரு கணக்கு இருந்தது: மாதா புண்ணியம் என்று சொல்லலாம், மாஸ்டர் ஆசீர்வாதம் என்று சொல்லலாம், ஒன்றும் சொல்லாமல் கண் கலங்கினால் இன்னும் விசேஷம். டெல்பினோ ஜெயித்ததும் எப்படி ஜெயித்தாள் என்று விளக்குவாள். "முதல் ரவுண்டுல அவளக் கோபப்படுத்தினேன், கோபம் வந்தா வாயால மூச்சு விடுவா, வாய் திறந்திருக்கிற நேரம் பாத்து வயித்துல வச்சேன்" என்பாள். மூன்றாவது தெரு ரோச் வீட்டுப் பையன் கபடியில் இதையே சொன்னபோது அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், மூளைக்காரன் என்று பேனர் வைத்தார்கள். அவன் போட்டால் அது வியூகம். இவள் போட்டால் தலைக்கனம். ஒரே காரியத்துக்கு ஒரே ஊரில் இரண்டு பெயர் இருந்தது, இதில் எது சரி என்று கேட்டால், கேட்பதே தலைக்கனம் என்றார்கள். அப்படிப்பட்ட வாதத்தோடு எந்தப் பல்கலைக்கழகம் போய் மோத முடியும்?

மாஸ்டரும் அந்தக் கட்சிதான். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் பெண்பிள்ளைக்குக் கை மட்டும் போதும் என்று மனசார நம்பியவர். "ரிங்குக்கு வெளிய நின்னு நான் யோசிக்கேன். உள்ள நின்னு நீ அடி. ரெண்டு பேரும் யோசிச்சா எவன் அடிப்பான்?" என்பார்.

தலை கனத்துவிட்டதை ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. ஏன் கனத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, இதனால் நமக்கு என்ன உபயோகம், யாரைக் குறை சொல்லலாம் என்ற இரண்டு கேள்வியோடு எல்லோரும் திருப்தியாகிவிட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரர் அவளை ஓரத்தில் உட்காரவிடாமல், "பரீட்ச இருக்காம்மா? அப்போ நடுவுல உக்காரு, வண்டி சாயுது" என்றார். அவளை எடுத்து வளர்த்த லூர்து அத்தை, உப்புப் போட்ட மீன்மேல் பலகையை வைத்து அதன்மேல் கருங்கல்லை ஏற்றுகிறவள், இப்போது கல்லைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிவானேன் என்று, "ஏட்டி, இங்கன வந்து பலகையில தலைய வச்சிப் படுத்து எதையாவது நெனச்சிக்கிட்டுக் கெட" என்றாள், அந்தப் பருவத்துக் கருவாடு அத்தனை தட்டையாக, அத்தனை ருசியாக வந்தது, வெளியூர் வியாபாரிகள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். கோயிலில் அவள் உட்காரும் பெஞ்சு, பிரசங்கத்தில் அவளுக்கு ஒப்பாத வரி வந்தால் முனகியது; பங்குச் சாமியார் கெட்டிக்காரர், பெஞ்சு முனகிய வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகப் பழகிக்கொண்டார், பிரசங்கம் சுருங்கியதில் ஊர் மொத்தத்துக்கும் சந்தோஷம். ஏலம் முடிந்து கூடம் காலியாகும் மத்தியான வேளையில் தாய்மார்கள் தங்கள் பெண்பிள்ளைகளை முந்தானைக்குள் மறைத்துக் கூட்டிவந்து ஐஸ் கம்பெனித் தராசில் நிறுத்தி, "எதையாவது நெனைட்டி" என்று சொல்லி, முள் துளி அசைந்தாலும் யாருக்கும் சொல்லிவிடாதே என்று மிரட்டிக் கூட்டிப்போனார்கள். டீக்கடை ஆண்கள் தங்களுக்குள் எடை போட்டுப் பார்த்துவிட்டு, நம் தலை கனக்காதது நம் அடக்கத்தினால்தான் என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, திருச்சியில் மாநிலப் போட்டி என்று தேதி வரும் வரைக்கும். ஒவ்வொரு பிரிவிலும் ஜெயிக்கிறவள் மாநில அணிக்குப் போவாள். டெல்பின் சின்ன வயதிலிருந்து வேறொன்றும் கேட்டதில்லை. அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை ரிங்கில் ஏற வேண்டும், அவ்வளவுதான். போன வருஷம் அரை இறுதியில் மாஸ்டர் கயிற்றுக்கு வெளியே நின்று "முன்னால போ, முன்னால போ" என்று கத்தினார் என்பதற்காக, போகக் கூடாதென்று தெரிந்தும் போய், தோற்று வந்தாள். இந்த வருஷத்தோடு கல்லூரியும் முடிகிறது, கல்லூரிக் கணக்கில் பெயர் கொடுக்கும் வாய்ப்பும் முடிகிறது. உடம்பு நாற்பத்தெட்டுக்குள். தலையைச் சேர்த்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

"தலையக் காலி பண்ணிருவோம்" என்றார் மாஸ்டர்.

காலி செய்யும் வேலையை ஊரே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது. லூர்து அத்தை சீரியல் போட்டுவிட்டு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் முறை வைத்து வந்து மருமகள்களைப் பற்றிப் பேசினார்கள். ரோஜாப் பூவோடு காலை வணக்கம் சொல்லும் படங்களைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவள் போனுக்கு அனுப்பினார்கள். எதற்கும் அசையாத கடைசிக் கனம், மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "அந்தக் காலத்துல நான் பெங்களூர்ல ஒருத்தன அடிச்சேன் பாரு" என்று ஆரம்பித்ததும் இறங்க ஆரம்பித்தது. கதை முடியும் முன்பே முள் நாற்பத்தெட்டுக்குக் கீழே வந்து நிம்மதியாக நின்றது. மாஸ்டர் கண்ணீர் விட்டார்.

சோதித்துப் பார்க்கலாம் என்று பக்கத்து ஊர்த் திருவிழாவில் ஒரு சண்டைக்கு ஏற்றினார்கள். எதிரே வந்தவள் கிளவுஸ் போட்டுச் சில மாதங்களே ஆன பள்ளிக்கூடப் பிள்ளை. அவள் கை வருவது டெல்பினுக்குத் தெரிந்தது, கை வருகிறது என்று மட்டும் தெரிந்தது, வருகிறதே, ஏன் வருகிறது, அடுத்து எங்கே போகும், நான் எங்கே இருந்தால் அது எங்கே போகாது என்ற தொடர்ச்சி வரவேயில்லை. மீன் இல்லாத வலையை இழுப்பது மாதிரி தலையை இழுத்து இழுத்துப் பார்த்தாள், ஈரம்தான் வந்தது. மூக்கு உடைந்து இறங்கினாள்.

இறங்கியவளை ஊர் கொண்டாடியது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. லூர்து அத்தை ஓடிவந்து முந்தானையால் ரத்தத்தைத் துடைத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். டீக்கடைக்காரர் பன் கொடுத்து அனுப்பினார். ஒருநாளும் பேசாதவர்கள் வந்து தலையைத் தடவினார்கள்.

"இப்பத்தாம்ட்டி நீ நல்ல பிள்ள" என்றாள் அத்தை. "பாரு, எவ்வளவு லேசா இருக்கு தல."

"தோத்துட்டேன் அத்த."

"தோத்தா என்னட்டி? அடக்கமாத் தோத்தியே, எல்லாவனும் அதத்தான் சொல்லுதான்."

டெல்பின் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் உண்மையான அன்பு. ஒன்றில்கூட வஞ்சனை இல்லை. அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

திருச்சியில் எடை பார்க்கும் அறையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். தராசுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு அம்மா ஒருவர் எடையைச் சொல்ல, குத்துச்சண்டைச் சங்கத்துச் செயலாளர் எழுதிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மாஸ்டர் பெங்களூர்க் கதையைச் சொல்லிக்கொண்டே வந்ததால் டெல்பின் காகிதம் போல இருந்தாள். ஏறி நின்றாள். முள் நாற்பத்தேழரையைத் தொட்டு நடுங்கியது.

"எதையும் நெனைக்காத" என்று மாஸ்டர் கதவோரம் நின்று கும்பிட்டார். "ஒரு நிமிசம் மக்ளே. ஒரே ஒரு நிமிசம்."

அப்போது அறையின் அந்தப் பக்கத்தில், ஐம்பத்து நாலு கிலோக்காரிகளின் வரிசையில், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த காத்தாயி நின்றுகொண்டிருந்தாள். போலீஸ் வேலையில் இருப்பவள், போன வருஷத்துச் சாம்பியன். அவள் வலது கை பட்டவர்கள் விழுந்த பிறகுதான் சத்தத்தைக் கேட்டார்கள் என்று சொல்வார்கள். யாரோ அவளைக் கூப்பிட, காத்தாயி திரும்பாமல், கூப்பிட்டவள் அடுத்து எங்கே வந்து நிற்பாளோ அந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தாள். ஆள் இருக்கும் இடத்தை அவள் பார்ப்பதில்லை, ஆள் வரப்போகும் இடத்தைத்தான் பார்க்கிறாள். இதை டெல்பின் கண்டாள். அப்படியானால், என்று ஒரு நினைப்பு வாசலில் வந்து நின்றது.

அதை விரட்டிவிடலாம். எளிது. இத்தனை நாளும் ஊர் அதைத்தான் பழக்கியிருந்தது.

அப்படியானால், என்று டெல்பின் முழுசாக நினைத்தாள். அப்படியானால் நான் எங்கே வரப்போகிறேன் என்பதை அவளுக்கு நானே சொல்லிக்கொடுக்கலாம். முள் அசைந்தது. ஒருமுறை சொன்னால் நம்பமாட்டாள், ஆனால் அடி வாங்கிக்கொண்டே சொன்னால் நம்புவாள். முள் நாற்பத்தெட்டைத் தாண்டியது. மாஸ்டர் "ஐயோ" என்றார். எந்த மூலை, எத்தனை தூரம், எவ்வளவு பயம், முகத்தில் எவ்வளவு, காலில் எவ்வளவு என்று அவள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க அடுக்க முள் ஐம்பத்தொன்றைத் தாண்டி, ஐம்பத்து மூன்றைத் தாண்டி, ஐம்பத்து நாலுக்கு ஒரு மூச்சுக் கீழே போய் நின்றது.

மாஸ்டர் ஓடிவந்து செயலாளரின் கையைப் பிடித்தார். "சார், ஒடம்பு நாப்பத்தேழுதான் சார். தலையக் கழிச்சிட்டு எழுதிக்கோங்க."

செயலாளர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். தலை கனத்த பெண்ணை எடை போடுவது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை, விதிதான் பெரிய விஷயம். "தலையக் கழிக்கிறதுக்கு விதியில இடம் இல்லைங்க. தலை இல்லாம ஒரு பொண்ணு எப்படிங்க விளையாடும்?"

"எழுதுங்க சார்" என்றாள் டெல்பின். "தலையையும் சேத்து எழுதுங்க. அதுவும் என் எடைதான்."

"அப்ப காத்தாயி பிரிவுக்குப் போயிடும்மா."

"போகட்டும்."

"ஏட்டி, செத்துருவட்டி!" என்றார் மாஸ்டர்.

"அப்போ யோசிச்சிக்கிட்டே சாகுதேன் மாஸ்டர்."

வெள்ளைக் கோட்டு அம்மா எடையைச் சத்தமாகச் சொன்னார், தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தமாக, வரிசை முழுக்கக் கேட்கும்படி.

முதல் இரண்டு பேரை எப்படித் தாண்டினாள் என்பதைச் சொல்ல ஆரம்பித்தால் அது தனிக் கதையாகிவிடும்; இறுதிச் சண்டையில், நீலக் கயிற்று மூலையில் டெல்பினும் சிவப்பு மூலையில் காத்தாயியும் நின்றார்கள். புன்னைத்துறையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள், அவள் அடி வாங்கினால் தூக்கிக்கொண்டு போக.

ஏலக்கூடத்தில் பிறந்து வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும், நெய்மீன் வேண்டுமென்றால் மலிவான சூடைமீன் கூடையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குக் கண் மாற்றுவது என்று பெயர். வேண்டியதைப் பார்த்துவிட்டாயோ, விலை ஏறிவிடும். லூர்து அத்தை கண் மாற்றுவதில் ராணி, ஆனால் அதை அவள் மீனுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தாள். டெல்பின் முதல் ரவுண்டில் கண் மாற்றினாள். காத்தாயியின் வலது தோள் எழும்போதெல்லாம் பின்னால் போய் அந்த நீல மூலையில் ஒதுங்கினாள். ஒவ்வொரு முறையும் அதே மூலை, அதே பயம். தலைக்கனத்தால் கால் மெதுவாகத்தான் நகர்ந்தது, அந்த மெதுவையும் அவள் பயமாக மாற்றி விற்றாள். காத்தாயியின் கை நெற்றியில் விழுந்தது. தலை அசையவில்லை, கல்தூணில் குத்தியது போல் காத்தாயிக்கே மணிக்கட்டு விண்ணென்றது. விலாவில் விழுந்தவை மட்டும் முழுசாக வலித்தன.

"மூலைக்குப் போகாதட்டி! முன்னால போ!" என்று மாஸ்டர் கத்தினார். அவள் கேட்டாள், போகவில்லை.

இரண்டாவது ரவுண்டிலும் அதே மூலை. வேனில் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லூர்து அத்தை செபமாலையை எடுத்தாள், உருட்ட ஆரம்பித்தவள், தான் வளர்த்த பிள்ளை அந்த மூலைக்குப் போகும்போது அவள் கண் எங்கே இருக்கிறது என்று தற்செயலாகப் பார்த்தாள். மூலையில் இல்லை. காத்தாயியிடமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வெற்றிடத்தில் இருந்தது. அத்தையின் கை நின்றது. "அடியே" என்று மெதுவாகச் சொன்னாள், "ஏலம்லா எடுக்கா இவ!" அவள் நாற்காலியில் எழுந்து நின்றாள், பக்கத்து ஆள் அவள் சேலையைப் பிடித்து இழுக்க, "உக்காருதது இருக்கட்டும்டா, இது என்ன வேலைன்னு ஒனக்குத் தெரியுமா? எங்க கூடத்து வேலைடா!" என்றாள்.

மூன்றாவது ரவுண்டில் காத்தாயியின் வலது தோள் எழுந்தது. டெல்பின் பின்னால் சாய்ந்தாள், முகம் முழுக்கப் பயம், காத்தாயி அந்தப் பயத்தை வாங்கிவிட்டாள், ஆள் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு ஆள் வரப்போகும் மூலையை நோக்கி முழு உடம்பையும் கையாக்கி எறிந்தாள். மூலையில் யாரும் இல்லை. சாய்ந்தவள் போகவேயில்லை. இத்தனை நாளும் தலைக்குள் அடுக்கி அடுக்கி வைத்திருந்த நினைப்பெல்லாம் செயலாக வேண்டிய அந்தக் கண்ணிமைப்பில், கனம் தலையிலிருந்து கழுத்து வழியாக, தோள் வழியாக, ஏற்றம் கவிழ்ந்து தண்ணீர் கொட்டுவது போல, வலது முஷ்டிக்கு இறங்கியதை அரங்கத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அது காத்தாயியின் திறந்த தாடையில் போய் உட்கார்ந்தது. காத்தாயி உட்கார்ந்தாள். நடுவர் எண்ண, எட்டில் எழுந்துவிட்டாள், பெரிய மனுஷி அல்லவா, எழுந்து மிச்சச் சண்டையையும் போட்டாள், ஆனால் இனி எந்த இடத்தை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை, டெல்பின் எங்கேயும் வரலாம் என்றாகிவிட்டது.

நடுவர் டெல்பினின் கையைத் தூக்கினார். லூர்து அத்தை விசிலடித்தாள். மாஸ்டர், எல்லாம் தான் சொல்லிக்கொடுத்தது என்று சொல்ல வாயைத் திறந்தவர், அத்தை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். ஒலிபெருக்கியை நீட்டி எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்டார்கள், டெல்பின் எப்போதும் போல ஆரம்பத்திலிருந்து, ஒன்றையும் விடாமல் விளக்க ஆரம்பித்தாள், விளக்க விளக்க நினைப்பு திரும்ப ஊறியது, அவள் நின்ற பக்கம் ரிங்கின் பலகை முனகிக்கொண்டு தாழ்ந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர்ப் பாட்டில் சாய்ந்து உருண்டு அவள் காலடிக்கு வந்தது. வேனில் வந்தவர்கள் வழக்கமான அந்தச் சொல்லுக்காக வாயைத் திறந்தார்கள். சொல் வந்தது. ஆனால் வரும்போதே அதன் குரல் மாறியிருந்தது, "எப்பா, என்னா தலைக்கனம்!" என்று, பெரிய மீனைத் தூக்கிக் காட்டுகிறவர்களின் குரலில் சொன்னார்கள்.

காத்தாயி மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"இரு பாப்பா. ரெண்டாவது ரவுண்டுல நீ பயந்தது நெசந்தானே?"

"பாதி நெசம்க்கா."

"அதான் பாத்தேன். முழுப் பொய்யா இருந்திருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன்." அவள் புருவத்தைச் சுருக்கினாள். "ஆனா நீ ஒரு தப்புப் பண்ணுன."

"என்ன தப்பு? ஒரு தப்பும் இல்ல."

"இருக்கு. என்னைய அந்த மூலைக்கு வரவச்சியே, நான் வர்ற மாரி வந்து, வராம நின்னிருந்தா? அப்ப ஒன் விலா என் கையில."

"நீங்க நிக்க மாட்டீங்க. உங்க வலது கால்..."

"காலா? கால நான் மாத்திக்குவேன். சொல்றதக் கேளு. மொத ரவுண்டுலயே நான் ஏமாந்த மாரி ஏமாந்து..."

காத்தாயி பேசிக்கொண்டே யோசித்தாள், யோசித்துக்கொண்டே கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள், அவள் எப்படி யோசிக்கிறாள் என்று யாரும் இதுவரை கேட்டதில்லை, எல்லோரும் அவள் கையைத்தான் பாராட்டியிருந்தார்கள். அவள் நின்ற பக்கத்துப் பலகையும் மெல்ல முனகிக்கொண்டு தாழ்ந்தது. பரிசு கொடுக்க வந்தவர்கள் மாலையும் கையுமாகக் கீழே காத்திருந்தார்கள். இருவரும் கவனிக்கவில்லை. டெல்பினின் காலடியில் கிடந்த பாட்டில் ஒருமுறை புரண்டது, பிறகு நடு ரிங்கை நோக்கி உருண்டு போய், இரண்டு பேருக்கும் சரிநடுவில், எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது.